காலிக் குழாயின் செலவு யாருக்கு? இயற்கை எரிவாயுக் குழாய்க் கட்டணமும் ஒழுங்குமுறை வாரியமும்

1. கேள்வி

இயற்கை எரிவாயுவின் விலை பற்றி இந்தியாவில் பேச்சு எழும்போதெல்லாம் அது இரண்டு இடங்களையே சுற்றி வருகிறது. ஒன்று, கிணற்றில் எடுக்கும் எரிவாயுவுக்கு ஒன்றிய அரசு நிர்ணயிக்கும் விலை. மற்றொன்று, கப்பலில் வரும் திரவ எரிவாயுவின் பன்னாட்டு விலை. கிணற்றுக்கும் அடுப்புக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் எஃகுக் குழாய் மண்ணுக்கடியில் கிடக்கிறது. அந்தக் குழாய்க்கும் கூலி உண்டு. அந்தக் கூலியைக் குழாயின் உரிமையாளர் தன் விருப்பப்படி வைக்க முடியாது. பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் அதை நிர்ணயிக்கிறது.

குழாய் நிறுவனங்களுக்கும் வாரியத்துக்கும் இடையிலான இந்த உறவைப் பற்றி இரு விளக்கங்கள் நிலவுகின்றன. வாரியம் நிறுவனங்களின் பிடியில் இருக்கிறது, அவர்கள் காட்டும் கணக்குக்கு முத்திரை குத்துகிறது என்பது முதல் விளக்கம். வாரியம் கைச்சிக்கனமானது, கேட்டதில் பாதியைக் கொடுத்து முதலீட்டை முடக்குகிறது என்பது நிறுவனங்கள் தரப்பில் சொல்லப்படும் இரண்டாவது விளக்கம். இரண்டுக்கும் ஆதாரம் காட்ட ஆணைகள் உண்டு. ஆனால் இரு தரப்பும் செலவுத் தொகையையே பார்க்கின்றன. அந்தச் செலவு எந்த அளவு எரிவாயுவின்மேல் பிரிக்கப்படுகிறது என்பதைப் போதிய அளவு பார்ப்பதில்லை. கடந்த பதினைந்து ஆண்டுகளின் கட்டண வரலாற்றில் முக்கியமான தகராறு அங்கேதான் நடந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். குழாய் நிரம்பாமல் போனால் அந்த இழப்பு யாருடையது என்ற கேள்விக்கு வாரியம் தந்த விடை, 2008-க்கும் 2025-க்கும் இடையில் மெல்ல இடம் மாறியிருக்கிறது.

2. வாரியம் வந்த வழி

கெயில் நிறுவனம் 1984-இல் தொடங்கப்பட்டது. அது பதித்த ஹஜீரா–விஜய்ப்பூர்–ஜகதீஷ்பூர் குழாய் மேற்குக் கடலோர எரிவாயுவை உத்தரப் பிரதேச உர ஆலைகள் வரை கொண்டுசென்றது. குழாய் அமைத்ததும் அரசு நிறுவனம், கட்டணம் சொன்னதும் அரசு. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஏற்பாட்டை மாற்றியது. 2007-இல் வாரியம் அமைந்தது. 2008 நவம்பரில் குழாய்க் கட்டண நிர்ணய விதிகள் வந்தன. வாரியத்தின் ஆணையை எதிர்த்து முறையீடு செய்ய வேண்டிய இடம் மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்.

வாரியத்தின் நிலை தொடக்கம் முதலே உறுதியாக இருந்ததில்லை. குழாய் அமைக்க அனுமதி தரும் அதிகாரத்தைக் கொடுக்கும் 16-ஆம் பிரிவு 2010-இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2020 டிசம்பரில் தலைவரின் பதவிக்காலம் முடிந்தபின் ஓராண்டுக்கும் மேலாக அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. எதிரில் அமர்ந்து வாதிடும் நிறுவனங்களிடம் பல பத்தாண்டுக் கணக்கறிவும் பொறியாளர் படையும் வழக்கறிஞர்களும் இருக்கும்போது, ஒழுங்குபடுத்தும் அமைப்பை இப்படித் தலைவரின்றி விடுவது சிறிய குறை அன்று. பேச்சுவார்த்தையின் சமநிலையே அதனால் சாய்கிறது.

3. கணக்கு எப்படி நடக்கிறது

விதிகள் கூறும் முறை சுருக்கமாக இது. குழாயின் வாழ்நாள் முழுவதற்குமான மூலதனச் செலவு, இயக்கச் செலவு, கம்ப்ரசர்களில் எரியும் எரிவாயுவின் விலை ஆகியவற்றைக் கூட்டி, இட்ட மூலதனத்தின்மீது வரிக்குப் பின் 12 விழுக்காடு வருவாய் கிடைக்கும்படி கழிவுவீதம் போட்டு, இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். அதைக் குழாயில் ஓடக்கூடிய எரிவாயுவின் அளவால், அதையும் அதே முறையில் இன்றைய மதிப்பாக்கி, வகுக்க வேண்டும். வரும் விடை ஒரு எம்எம்பிடியூவுக்கு, அதாவது பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு, இத்தனை ரூபாய் என்று நிற்கும். ஒரு எம்எம்பிடியூ ஏறத்தாழ 21 கிலோ சிஎன்ஜிக்குச் சமம். ஆகவே கட்டணத்தில் பத்து ரூபாய் ஏறினால் ஆட்டோக்காரர் நிரப்பும் ஒவ்வொரு கிலோவிலும் ஐம்பது காசு அளவுக்குச் சுமை ஏறும்.

வாரியத்தின் கட்டண ஆணை ஒன்றைப் புரட்டினால் இந்தப் பேரம் கண்ணெதிரே தெரியும். நிறுவனம் சமர்ப்பித்த தொகை ஒருபுறம், வாரியம் ஏற்ற தொகை மறுபுறம், நடுவில் காரணங்கள். எதிர்கால மூலதனச் செலவில் எதை ஏற்பது, உதிரிபாக இருப்பு எவ்வளவு, பராமரிப்பு ஆண்டுக்கு எந்த வீதத்தில் ஏறும், கம்ப்ரசருக்கு எரிவாயு எந்த விலைக்கு வாங்கப்படும் என்று ஒவ்வோர் இனமாக வெட்டும் ஒட்டும் நடக்கும். ஆணைக்கு முன் நிறுவனத்தின் கோரிக்கை பொதுக் கலந்தாய்வு ஆவணமாக வெளியாகும், கருத்துகள் பெறப்படும், திறந்த அமர்வும் நடக்கும்.

செலவு இனங்கள் பல இருந்தாலும், வகுக்கும் எண் ஒன்றே. அதன் வலிமையைக் காட்ட ஒரு கற்பனைக் கணக்கு போதும். ஒரு குழாய்க்கு ஆண்டுக்கு ரூ. 600 கோடி வருவாய் தேவை என்று வைப்போம். அதன் முழுக் கொள்ளளவு ஆண்டுக்கு 12 கோடி எம்எம்பிடியூ. நிரம்பி ஓடுவதாகக் கொண்டால் கட்டணம் ரூ. 50. முக்கால் அளவு ஓடுவதாகக் கொண்டால் ரூ. 66.67. உண்மையில் ஓடுவது 40 விழுக்காடுதான், அதையே வகுக்கும் எண்ணாகக் கொள் என்று நிறுவனம் கேட்டு வாரியம் இணங்கினால் ரூ. 125. செலவில் ஒரு காசும் மாறவில்லை. இயக்கச் செலவை ஆண்டு முழுதும் துருவி ஐந்து விழுக்காடு வெட்டினாலும் இந்த வித்தியாசத்தின் அருகில் நிற்க முடியாது.

2008-ஆம் ஆண்டு விதிகள் உண்மையில் ஓடும் அளவை வகுக்கும் எண்ணாக ஏற்கவில்லை. முதல் ஆண்டில் 60 விழுக்காடு, பின் ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி ஐந்தாம் ஆண்டில் நூறு என்று ஒரு வரையறுத்த பயன்பாட்டை அவை வைத்தன. அதற்குக் குறைவாக ஓடினால் நட்டம் குழாய்க்காரருடையது. நுகர்வோர் பக்கம் உறுதியாக நின்ற விதி அது.

4. காகிநாடாவிலிருந்து பரூச் வரை

அந்த விதியை உலுக்கிய குழாய் கிழக்கு–மேற்குக் குழாய். கிருஷ்ணா–கோதாவரி ஆழ்கடல் வயலான டி6-இன் எரிவாயுவைக் காகிநாடாவிலிருந்து குஜராத்தின் பரூச் வரை ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் கொண்டுசெல்ல ரிலையன்ஸ் குழுமம் அமைத்தது. நாளொன்றுக்கு எட்டுக் கோடி கனமீட்டர் வரும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. 2010-இல் உற்பத்தி ஆறு கோடியைத் தொட்டது. பிறகு சரிந்தது, 2015 வாக்கில் உச்சத்தின் ஐந்தில் ஒரு பங்கு அளவே எஞ்சியது. எஃகு அப்படியே கிடந்தது, கடன் அப்படியே நின்றது, எரிவாயு இல்லை.

இந்த இழப்பு யாருடையது? குழாய்க்காரர் வாதம் இப்படிப் போகும்: வயலில் உற்பத்தி குறைந்தது குழாயின் குற்றம் அன்று, நாட்டுக்குத் தேவையான உள்கட்டமைப்பை அமைத்தவரை இயற்கையின் பிழைக்குத் தண்டிப்பது சரியா? எதிர்வாதமும் வலுவானதே: தேவைக்கு மேல் பெரிதாகக் கட்டுவது முதலீட்டாளரின் முடிவு, 12 விழுக்காடு வருவாய் என்பதே அந்த இடருக்கான விலை, இடரை நுகர்வோரிடம் தள்ளிவிட்டு வருவாயை மட்டும் வைத்துக்கொள்வது எந்த நியாயம்? நான் இரண்டாவது வாதத்தின் பக்கம் நிற்கிறேன். இங்கு வயலை இயக்கியதும் குழாயை அமைத்ததும் ஒரே குழுமம். உற்பத்தி மதிப்பீட்டை அறிந்திருக்க வேண்டிய இடத்தில் அதுவே இருந்தது.

2010-இல் இந்தக் குழாய்க்குத் தற்காலிகக் கட்டணம் விதிக்கப்பட்டது. எம்எம்பிடியூவுக்கு ரூ. 71.66 என்ற இறுதிக் கட்டணம் 2019 மார்ச்சில்தான் வந்தது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுக் காலம் 'தற்காலிகம்' நீடித்திருக்கிறது. அதே மாதத்தில் குழாய் புரூக்ஃபீல்டு ஆதரவு பெற்ற முதலீட்டு அறக்கட்டளையின் கைக்கு ரூ. 13,000 கோடி மதிப்பில் போனது. இறுதிக் கட்டணம் தெளிவாகாமல் இத்தகைய விற்பனை நடக்காது. வாரியத்தின் ஓர் ஆணை எரிவாயு வாங்குவோரின் மாதக் கணக்கை மட்டுமல்ல, நீண்டகால முதலீட்டின் மதிப்பையும் நிர்ணயிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

5. விதி இளகிய விதம்

2022-இன் திருத்தங்கள் இந்தப் பின்னணியில் வந்தவை. வகுக்கும் எண்ணுக்கான பயன்பாட்டு வரையறை கொள்ளளவின் 75 விழுக்காட்டுக்கு இறங்கியது. குழாயின் கணக்கு வாழ்நாள் 25 ஆண்டிலிருந்து 30 ஆண்டாக நீண்டது. இரண்டாவது மாற்றம் கட்டணத்தைக் குறைக்கும், முதலாவது ஏற்றும். அறிவிப்பில் இரண்டும் அருகருகே வந்ததால் நடுநிலையான சீர்திருத்தம் போலத் தோன்றியது. ஆனால் வாழ்நாளை நீட்டுவது அதே செலவை அதிக ஆண்டுகளில் பரப்புவது மட்டுமே. பயன்பாட்டு வரையறையைத் தளர்த்துவதோ இடரின் ஒரு பங்கைக் குழாய்க்காரரிடமிருந்து எடுத்து நுகர்வோரிடம் வைக்கிறது. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

நாட்டின் மொத்த எரிசக்தியில் இயற்கை எரிவாயுவின் பங்கு ஆறேழு விழுக்காடுதான். அதை 2030-க்குள் 15 விழுக்காடாக உயர்த்துவது அரசின் இலக்கு. தேவைக்கு முன்பே குழாய் பதிக்க ஆள் வேண்டுமென்றால் காலிக் குழாய்க்கும் ஓரளவு உத்தரவாதம் கொடுத்தாக வேண்டும் என்பது வாரியத்தின் பக்கத்து நியாயம். அதை நான் மறுக்கவில்லை. கொள்கை இலக்கின் விலையை அரசுக் கருவூலம் ஏற்பதா, ஏற்கெனவே எரிவாயு வாங்குகிறவர் ஏற்பதா என்பது வெளிப்படையாக விவாதிக்கப்பட்டிருக்க வேண்டும். அது விதியின் ஓர் அட்டவணைக்குள் முடிந்துபோனது என்பதே என் ஆட்சேபம்.

கெயிலின் ஒருங்கிணைந்த குழாய்த் தொகுப்புக்கு 2023 ஏப்ரல் முதல் ஏறத்தாழ ரூ. 58.60 கட்டணம் அமைந்தது. அடுத்த மறுஆய்வில் நிறுவனம் ரூ. 78 கேட்டது, வாரியம் 2026 ஜனவரி முதல் ரூ. 65.69 கொடுத்தது. கேட்டதும் கிடைத்ததும் இவ்வளவு விலகியிருப்பதை வாரியத்தின் கண்டிப்புக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. நான் தயங்குகிறேன். வெட்டுவார்கள் என்று தெரிந்தவர் கூட்டிக் கேட்பார். கூட்டிக் கேட்பார் என்று தெரிந்தவர் வெட்டுவார். கேட்ட தொகைக்கும் கொடுத்த தொகைக்கும் உள்ள இடைவெளி எதையும் நிறுவாது. எந்த இனம் எந்தத் தரவை வைத்து வெட்டப்பட்டது என்பதே கேள்வி.

கம்ப்ரசர் எரிவாயு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குழாயில் எரிவாயுவைத் தள்ள எரிவாயுவையே எரிக்க வேண்டும். அதை மலிவான உள்நாட்டு ஒதுக்கீட்டில் வாங்கினால் செலவு ஒன்று. உடனடிச் சந்தையில் வாங்கினால் வேறொன்று. செலவு முழுதும் கட்டணத்தில் ஏறிவிடும் என்று தெரிந்தால் நிறுவனத்துக்குப் பேரம் பேசும் அக்கறை எங்கிருந்து வரும்? 2025 ஜூலைத் திருத்தம் இதைத் தொட்டது: ஆண்டுத் தேவையில் குறைந்தது 75 விழுக்காட்டை மூன்றாண்டுக்குக் குறையாத ஒப்பந்தங்களில் வாங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஓர் இனத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்த நல்ல விதி இது. போதிய கவனம் பெறவில்லை.

6. ஒரே கட்டணம்: யாருக்கு லாபம்

முன்பு ஒவ்வொரு குழாய்க்கும் தனிக் கட்டணம். மூன்று குழாய்களைத் தாண்டி வரும் எரிவாயு மூன்று கட்டணமும் சுமந்து வரும். கடற்கரையிலிருந்து தொலைவில் இருப்பவர் அதிகம் கொடுப்பார். 2023 ஏப்ரல் 1 முதல், ஒன்றோடொன்று இணைந்த குழாய்கள் அனைத்தும் தேசியத் தொகுப்பாகக் கருதப்பட்டு, சராசரி ரூ. 73.93 என்ற ஒருங்கிணைந்த கட்டணம் நடைமுறைக்கு வந்தது. மண்டலங்கள் மூன்று: 300 கிலோமீட்டர் வரை, 300 முதல் 1,200 வரை, அதற்கு அப்பால். 2024 ஜூலையில் சராசரி ரூ. 80.97 ஆனது. மண்டல வாரியாக அது ஏறத்தாழ ரூ. 42, 80, 107 என்று நின்றது. 2025 ஜூலைத் திருத்தம் மண்டலங்களை இரண்டாகக் குறைத்தது. வாகன சிஎன்ஜிக்கும் வீட்டுக் குழாய் எரிவாயுவுக்கும் நாடு முழுதும் முதல் மண்டலக் கட்டணமே என்றது. அது 2026 ஜனவரி முதல் ரூ. 54.

கடைசி மண்டலத்தில் இருந்த நகரத்துக்கு 53 ரூபாய் குறைந்தது. கிலோ சிஎன்ஜிக்கு இரண்டரை ரூபாய். திரவ எரிவாயு முனையத்தின் அருகில் இருந்த நகரத்துக்கு 12 ரூபாய் கூடியது. கிலோவுக்கு அரை ரூபாய்க்குச் சற்று மேல். மேற்குக் கடற்கரையில் எரிவாயு கைக்கெட்டும் என்று நம்பி ஆலை வைத்தவர், உள்நாட்டு மாநிலங்களுக்கான குழாயின் செலவில் இப்போது பங்கேற்கிறார். பீகாருக்கும் அசாமுக்கும் எரிவாயு போக வேண்டுமென்றால் இது தேவை என்பது வலுவான வாதம். வளர்ச்சியை ஒரு கடற்கரையோடு நிறுத்திவிடக் கூடாது.

ஆனால் உள்நாட்டில் அதிக எரிவாயு வாங்கும் உர ஆலைகளுக்கு 2015 முதல் எரிவாயு விலை ஒரே சராசரியாக்கப்பட்டுள்ளது. யூரியாவின் மானியம் ஒன்றிய அரசுடையது. அங்கே குறையும் குழாய்க் கட்டணம் விவசாயிக்குப் போகாது, மானியக் கணக்குக்குப் போகும். மறுபுறம் குஜராத்தின் மோர்பி நகர ஓட்டுத் தொழிற்சாலைகள் எரிவாயு விலை ஏறியபோது புரொப்பேனுக்கு மாறியதைக் கண்டோம். கட்டணம் ஏறினால் வாங்குகிறவர் விலகுவார். அவர் விலகினால் வகுக்கும் எண் சுருங்கும். அது சுருங்கினால் மிச்சமிருப்பவருக்குக் கட்டணம் மீண்டும் ஏறும்.

இந்த ஏற்பாடு நிறுவன–வாரிய உறவையும் மாற்றிவிட்டது. வாடிக்கையாளர் கொடுப்பது ஒருங்கிணைந்த கட்டணம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உரியது அதற்கெனத் தனியே அங்கீகரிக்கப்பட்ட கட்டணம். வித்தியாசத்தை நிறுவனங்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்கின்றன. ஒரு நிறுவனத்தின் கூடுதல் செலவு எல்லோர் தலையிலும் சிறிது சிறிதாகப் பரவும்போது, அதை எதிர்த்து வாதாட எந்த ஒரு வாடிக்கையாளருக்கும் போதிய காரணம் இருக்காது. முன்பு ஒரு குழாயை நம்பியிருந்த ஆலை அந்தக் குழாயின் கணக்கைத் துருவிப் பார்த்தது. அந்தக் கண்காணிப்பு இப்போது கரைகிறது. அதை ஈடுசெய்யும் பொறுப்பு முழுதாக வாரியத்தின்மேல் விழுகிறது.

7. நகர எல்லையில் நின்ற அதிகாரம்

நீள்தொலைவுக் குழாயில் இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் பார்க்கும் வாரியம் நகர எல்லையில் நின்றுவிடுகிறது. 2012 ஏப்ரல் 9 அன்று டெல்லியின் இந்திரபிரஸ்தா கேஸ் நிறுவனத்தின் வலையமைப்புக் கட்டணத்தை ரூ. 38.58 ஆகவும், சிஎன்ஜி அழுத்தக் கட்டணத்தைக் கிலோவுக்கு ரூ. 2.75 ஆகவும் வாரியம் வெட்டியது. 2008 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு அது செல்லும் என்றது. நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது: பொதுப் போக்குவரத்துக்கெனத் திறக்கப்படாத நகர வலையமைப்பில் கட்டணம் விதிக்கச் சட்டம் வாரியத்துக்கு அதிகாரம் தரவில்லை.

சட்டத்தின் சொற்களைப் பார்த்தால் தீர்ப்பில் பிழை காண்பது கடினம். பிழை சட்டத்தில் இருக்கிறது. ரூ. 54 என்று நாடு முழுதும் குறைத்த போக்குவரத்துக் கட்டணத்தின் பலன் நகர விநியோக நிறுவனத்தின் லாபமாக நிற்குமா, பங்க் விலையில் இறங்குமா என்பதை உறுதிசெய்ய வாரியத்திடம் நேரடிக் கருவி இல்லை. வலியுறுத்தலாம், வேண்டுகோள் விடுக்கலாம், அவ்வளவே.

8. கொங்கு நிலமும் கொச்சி முனையமும்

குழாய் காலியாகக் கிடப்பதற்குக் காரணம் எப்போதும் வயலோ சந்தையோ மட்டும் அல்ல. கொச்சியில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திரவ எரிவாயு முனையம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. எரிவாயுவை வெளியே கொண்டுபோகக் குழாய் இல்லாததால் பல ஆண்டுகள் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாமல் நின்றது. மங்களூருக்கான 450 கிலோமீட்டர் குழாய் 2021 ஜனவரியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூருவுக்குப் போக வேண்டிய கெயில் குழாய், கொங்கு உழவர்களின் எதிர்ப்பில் நின்றது. விளைநிலத்தைத் தவிர்த்து நெடுஞ்சாலையோரம் கொண்டுபோகச் சொன்ன தமிழ்நாடு அரசின் மேல்முறையீட்டை 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

உழவர்களை முட்டுக்கட்டையாகக் காட்டும் எழுத்து அப்போது ஏராளமாக வந்தது. கட்டண விதியின் பக்கமிருந்து பார்த்தால் காட்சி வேறு. குழாய் பதிக்க நிலத்தின் பயன்பாட்டு உரிமையை எடுக்கும் 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் உழவர் பெயரிலேயே இருக்கும். குழாய் பதித்த பட்டையில் அவர் மரம் நடக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, கட்டடம் எழுப்பக்கூடாது. இதற்கு இழப்பீடு நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து விழுக்காடு, ஒரே முறை. தென்னையும் மாவும் வைத்துப் பிழைக்கிறவருக்கு மரம் நடக்கூடாத பட்டை என்பது நிலம் போனதற்குச் சமம். அதே குழாயில் இட்ட மூலதனத்துக்கு வரிக்குப் பின் 12 விழுக்காடு, ஆண்டுதோறும், முப்பது ஆண்டுக்கு. உழவருக்குக் கொடுக்கும் தொகையும் குழாயின் மூலதனச் செலவில் சேரும். அதன்மீதும் நிறுவனம் வருவாய் ஈட்டும்.

எஃகும் பதிக்கும் கூலியும் கம்ப்ரசர்களும் விழுங்கும் தொகைக்குப் பின்னால் நில உரிமைக்கான தொகை சிறிய இனம். அதைப் பல மடங்காக்கினாலும், முப்பது ஆண்டு எரிவாயுவின்மேல் பரப்பினால், கட்டணத்தில் ஏறுவது சில்லறையே. காலிக் குழாயின் ஆண்டுகள் ஏற்றும் சுமை அதைவிடப் பெரிது. நியாயமான இழப்பீட்டை மிச்சப்படுத்தியதால் பத்தாண்டு தாமதம் வந்தது என்றால், அந்தச் சிக்கனத்தால் குழாய்க்காரரும் நுகர்வோரும்கூட நட்டப்பட்டார்கள்.

9. மேசையில் இல்லாதவர்

பிரிட்டனில் 2017-இல் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற நுகர்வோர் அமைப்பு, எரிசக்தி வலையமைப்பு நிறுவனங்கள் எட்டாண்டுக் கட்டணக் காலத்தில் நியாயமானதைவிட 750 கோடி பவுண்டு அதிகம் ஈட்டுகின்றன என்று கணக்கிட்டு வெளியிட்டது. ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் அடுத்த சுற்றில் அனுமதிக்கும் வருவாயைக் கடுமையாகக் குறைத்தது. நிறுவனங்கள் போட்டி ஆணையத்திடம் முறையிட்டன. 2021-இல் பங்குமூலதன வருவாய்க் குறைப்பு பெரும்பாலும் நிலைத்தது. அங்கும் குறைகள் உண்டு. ஆனால் நிறுவனத்தின் கணக்கை மறுகணக்குப் போடும் திறனும் நிதியும் உள்ள மூன்றாம் தரப்பு ஒன்று அந்த மேசையில் இருந்தது.

இங்கு வாரியத்தின் கலந்தாய்வுக்குக் கருத்துச் சொல்ல யாருக்கும் தடையில்லை. நூற்றுக்கணக்கான பக்கம் விரிதாளைப் படித்துக் கழிவுவீதக் கணக்கைச் சரிபார்க்க ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தாலோ வீட்டு இணைப்பு பெற்றவராலோ ஆகுமா? வரும் கருத்துகள் குழாய் நிறுவனம், உர ஆலை, நகர விநியோக நிறுவனம் ஆகியோரிடமிருந்து வருவது இயல்பு. கட்டணத்தில் ஒரு மிகச் சிறு பங்கை ஒதுக்கி, சுயேச்சையான நுகர்வோர் பிரதிநிதி அலுவலகம் ஒன்றை வாரியத்துக்கு வெளியே அமைக்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும். நகர வலையமைப்புக் கட்டண அதிகாரத்துக்குத் தேவைப்படும் திருத்தத்தோடு சேர்த்தே அதைச் செய்ய முடியும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. 2025 திருத்தத்தின்படி, பயன்பாடு 75 விழுக்காட்டைத் தாண்டும் குழாய்களில் கிடைக்கும் மிகை வருவாயில், வரி போக, பாதி குழாய் வளர்ச்சிக்கான ஒதுக்கீடாகும். பாதி கட்டணச் சரிக்கட்டல் வழியாக நுகர்வோருக்குத் திரும்பும். வகுக்கும் எண்ணைத் தளர்த்தியதற்கு ஈடாக நுகர்வோருக்குக் கிடைத்த ஒரே பிடி இதுதான். எந்தக் குழாய் எந்த ஆண்டு எத்தனை விழுக்காடு ஓடியது, மிகை எவ்வளவு, திரும்பியது எவ்வளவு என்பதை ஒவ்வொரு கட்டண ஆணையிலும் குழாய்வாரியாக ஒரு பக்க அட்டவணையாக வாரியம் அச்சிட வேண்டும். அந்தத் தரவு வாரியத்தின் கையில் ஏற்கெனவே இருக்கிறது.